கடலோர ஈரத்தில் ஒரு சுருட்டை எப்படி மதிப்பிடுவது? பார்தகாஸ் டி 4, ராயபுரம் மொட்டை மாடியிலிருந்து

ராயபுரத்தான்:

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். கொஞ்சம் நீளமாக வரும்.

என் மாமா கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பயணத்தில் வாங்கி வந்த பார்தகாஸ் சீரீ டி நம்பர் 4 என்ற கியூபா சுருட்டுப் பெட்டி ஒன்று, 25 சுருட்டு, அவர் வீட்டு மர அலமாரியில் சட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. போன நவம்பரில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைத் திறந்து ஆளுக்கு ஒன்று பற்றவைத்தோம். இழுக்கவே வரவில்லை. பாதி வருவதற்குள் ஆறு தடவை அணைந்தது. நாக்கின் நடுவில் வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி கசப்பு. நெருப்புக்கு ஒரு விரல் மேலே மேல் இலை பிளந்துகொண்டது. மாமா பாதியிலேயே வைத்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ பேரு?" என்றார்.

தப்பு சுருட்டின் மேல் இல்லை. தப்பு நம் அலமாரியின் மேல்.

அன்றே நான்கை வீட்டுக்கு எடுத்து வந்து, ரப்பர் விளிம்பு வைத்து மூடுகிற சாப்பாட்டு டப்பாவில், காற்றின் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்துகிற போவேடா பை ஒன்றோடு ஆறு வாரம் மூடி வைத்தேன். ஜனவரியில் அதே பெட்டிச் சுருட்டு வேறு பொருளாக வந்து நின்றது. அதிலிருந்து நான் சொல்வது இதுதான்: நம் ஊரில் நாம் போடும் மதிப்பெண் முக்கால்வாசி இலைக்கு இல்லை, ஈரத்துக்கு. ஈரத்தைச் சரி செய்யாமல் "நல்ல சுருட்டு", "மோசமான சுருட்டு" என்று பேசுவதில் அர்த்தம் இல்லை.

காரணம் எளிமையானது. ஈரம் ஏறிய இலை ஊதிப்போகும். உள் இலைகளுக்கு நடுவில் காற்று போக வழி அடைபடும். நெருப்பின் சூடு முதலில் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், அதனால் அணையும். அணையாமல் இருக்க நாம் பலமாக இழுப்போம், கங்கு அளவுக்கு மீறிச் சூடாகும், கசக்கும். உள்ளே இருப்பது வெளியே இருக்கும் மெல்லிய இலையைவிட அதிகம் உப்பினால் மேல் இலை வெடிக்கும். நவம்பரில் நான் பார்த்த நான்கு குறையும் இந்த ஒரே காரணத்தில் அடங்கிவிடுகிறது.

ஜனவரிச் சுருட்டுக்கு வருகிறேன். 124 மில்லிமீட்டர் நீளம், ரிங் கேஜ் 50. அதாவது ஒரு அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50 பங்கு விட்டம், ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். ரொபஸ்டோ என்று சொல்லும் அளவு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அமுக்கினேன். நவம்பரில் ரப்பர் மாதிரி கொழகொழவென்று இருந்தது. இப்போது லேசாக உள்ளே போய்த் திரும்ப எழுந்தது. காதருகே வைத்து உருட்டினால் சத்தமே இல்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். மேல் இலையில் எண்ணெய் தேய்த்த தேக்கு மாதிரி ஒரு மினுக்கம்.

வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் தொப்பியை 2 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டக் கூடாது. அதற்கும் கீழே இறக்கி வெட்டினால் மேல் இலை பிரிந்துவிடும். பற்றவைக்காமலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன்: வைக்கோல், காய்ந்த திராட்சை. இந்த வெறும் இழுப்பைத் தவறவிடாதீர்கள். ஸ்ட்ராவில் இளநீர் வருகிற அளவுக்குக் காற்று வர வேண்டும். இங்கேயே இழுக்கச் சிரமப்பட்டால் பற்றவைக்காமல் டப்பாவுக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

எங்கள் மாடியில் காசிமேட்டுக் காற்று நேராக அடிக்கும். காற்றில் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் எரிந்து ஓடும், கருவாட்டு வாசனையும் கலக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். லைட்டரின் நெருப்பு இலையைத் தொடாமல், அரை அங்குலம் கீழே காட்டி, சுருட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஓரம் கறுத்ததும் முனையை லேசாக ஊதிப் பார்த்தால் ஆரஞ்சு வளையம் முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் முதல் இழுப்பு.

முதல் மூன்றில் ஒரு பங்கு: மிளகு. ரசத்தில் கடைசியாகத் தட்டிப் போடுகிற மிளகு, தொண்டைக்கு மேலே மூக்கருகே. நடுப்பகுதியில் அது அடங்கி, இரண்டாம் டிகாக்‌ஷன், கூடவே கருப்பட்டி. கடைசிப் பங்கில் சூடு ஏறியது, மண்வாசனை வந்தது, ஜாதிக்காய் மாதிரி ஒரு காரம். சாம்பல் 2 சென்டிமீட்டர் வரை விழாமல் நின்றது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு வீதம் 55 நிமிடம். ஒரு தடவைகூட அணையவில்லை.

இருந்தும் மதிப்பெண் போடவில்லை. ஒரே பெட்டியில் மூன்று பிடித்துப் பார்க்காமல் எண் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். கையால் சுற்றுகிற பொருள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

நெறியாளர்:

இழை இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு இது இல்லை. வாங்க விற்கக் கேட்கும் பதிவுகள் நீக்கப்படும்.

மின்ட்_தெரு:

ராயபுரத்து அண்ணே, மிளகும் டிகாக்‌ஷனும் கருப்பட்டியும் என்று எழுதியதற்கு முதலில் ஒரு கும்பிடு. ஆங்கிலத்தில் படித்தால் தோல், சிடார் மரம், கருப்பு செர்ரி என்று போகும். நான் செர்ரி தின்று வளரவில்லை. என் நாக்குக்குத் தெரியாத பொருளை நான் எப்படிச் சுருட்டில் கண்டுபிடிப்பேன்?

எங்களுக்கு மூன்று தலைமுறையாக மளிகை வியாபாரம், கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம். சரக்கு வந்தால் அப்பா மிளகை உள்ளங்கையில் போட்டு நசுக்கி, கையைக் குவித்து, சூடு ஏறியதும் மோந்து பார்ப்பார். ஒரு தடவை மோந்ததும் கையைத் துடைத்துவிட்டு வெளிக்காற்றில் இரண்டு நிமிடம் நிற்பார். அடுத்தடுத்து மோந்தால் மூக்கு மரத்துவிடும். சுருட்டுக்கும் இதையே செய்கிறேன். காபி குடித்த உடனே பிடிப்பதில்லை. வெறும் தண்ணீர் மட்டும் பக்கத்தில்.

சொல்லை இரண்டு படியாகத் தேடுவேன். முதல் படி குடும்பம்: மசாலாவா, இனிப்பா, மரமா, மண்ணா, வறுத்த வாசனையா. இரண்டாம் படி ஆள்: மசாலா என்றால் கிராம்பா, சுக்கா, வால்மிளகா? இரண்டாம் படி கிடைக்காவிட்டால் முதல் படியோடு நின்றுவிடுவேன், இழுத்துப் பிடித்து எழுதமாட்டேன். வறுத்த தனியா என்று ஒரு தடவை எழுதியிருக்கிறேன், நிகராகுவா சுருட்டு ஒன்றுக்கு. கொத்துமல்லி விதையை வெறும் சட்டியில் வறுக்கும்போது நிறம் மாறும் அந்த நொடியின் வாசனை. அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று நான் தேடவில்லை.

எண்ணில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. 100க்கு 91க்கும் 92க்கும் என்ன வித்தியாசம் என்று எந்த நாக்கு சொல்லும்? எங்கள் தொழிலில் முதல் தரம், நடுத்தரம், கழிவு. மூன்றே.

பெரம்பூர்_லோகோ:

நான் ஒத்துக்கொள்ளவில்லை சார். என்னிடம் சிடார் மரம் வைத்த முறையான ஹ்யூமிடர், அதாவது சுருட்டை ஈரம் குறையாமல் வைக்கிற பெட்டி, இருக்கிறது. ஈரம் காட்டும் மீட்டர் எப்போதும் 69 காட்டுகிறது. மாதம் ஒரு தடவை ஸ்பாஞ்சில் டிஸ்டில்ட் வாட்டர் விடுகிறேன், புத்தகத்தில் போட்ட மாதிரியே. அப்படியும் எட்டு மாதம் வைத்திருந்த கியூபா சுருட்டு கசக்கிறது, ஒரு பக்கமாக எரிகிறது. ஈரம் சரியாகத்தானே இருக்கிறது? கியூபா சுருட்டுக்குக் கொடுக்கிற பெயர் அதிகம் என்பதே என் முடிவு. அல்லது எனக்குக் கிடைத்தது போலி.

ராயபுரத்தான்:

பெரம்பூர் தம்பி, போலி என்ற சந்தேகத்தை முதலில் பார்ப்போம். கியூபா பெட்டி என்றால் அடியில் சூடு போட்ட முத்திரையும், தொழிற்சாலைக் குறியும், அடைத்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி என்று யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். எனக்கு ஒருவர் அப்படிக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வெட்டிப் பார்த்தால் உள்ளே நீள இலைக்குப் பதில் தூள்தான் இருந்தது.

அடுத்தது, அந்தப் புத்தகங்கள். ஹ்யூமிடரில் தண்ணீர் விடு, 70ல் வை என்ற பேச்சு, குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக் காற்று காய்ந்துபோகும் ஊர்களில் இருப்பவர்கள் எழுதியது. அவர்களுக்கு ஈரத்தை உள்ளே கொண்டுவருவது வேலை. நமக்கு ஈரத்தை வெளியே நிறுத்துவது வேலை. மழைக்காலத்தில் இங்கே காற்றின் ஈரம் 80ஐத் தாண்டுவது சாதாரணம். இதில் ஸ்பாஞ்சுக்குத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? மரப்பெட்டியும் முழுசாகக் காற்றை அடைக்காது. நம் ஊருக்கு ரப்பர் விளிம்பு டப்பாதான் சரி. சிடார் வாசனை வேண்டுமென்றால் சுருட்டோடு வரும் சிடார் தகட்டை உள்ளே போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, உங்கள் மீட்டர். அதை யார் சோதித்தது? ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டு அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். கவருக்குள் ஈரம் 75ல் நிற்கும். நம் வெயிலில் 25 டிகிரியோ 32 டிகிரியோ, 75 பெரிதாக அசையாது. மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள். அதுவரை அந்தச் சுருட்டுக்குத் தீர்ப்பு வேண்டாம்.

உறையூர்_இலை:

வடசென்னைக்காரர்கள் நடுவில் திருச்சிக்காரன் குரல். எல்லோரும் கியூபா, நிகராகுவா என்று பேசுகிறீர்கள். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனது. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிச் சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போனது. திண்டுக்கல் பக்கம் விளைந்த இலை, உறையூரில் சுற்றும் கை. இன்றைக்கும் சில குடும்பங்கள் சுற்றுகின்றன, வயதானவர்கள்தான் அதிகம்.

மதிப்பிடுகிற முறையில் எனக்கு ஒரு கேள்வி. கியூபாக்காரர்கள் செடியின் எந்த உயரத்தில் இலை பறித்தார்கள் என்று பார்த்துக் கலக்கிறார்கள். அடி இலை வொலாடோ, நன்றாக எரியும். நடு இலை சேகோ, வாசனை கொடுக்கும். செடியின் உச்சி இலை லிஹேரோ, வெயிலை வாங்கித் தடித்தது, மெதுவாக எரியும், வீரியம் அதில்தான். அதனால் அதை நடுவில் வைத்துச் சுற்றுவார்கள். அந்தக் கலவைதான் மூன்று பங்கில் மூன்று ருசியாக உங்களுக்குத் தெரிகிறது. நம் சுருட்டு அப்படி அல்ல. இரண்டு முனையும் திறந்தது, தொப்பி கிடையாது, முதல் இழுப்பிலிருந்து கடைசி வரை ஒரே குணம், ஒரே காட்டம். 'ருசி மாறவில்லை' என்று இதற்கு மதிப்பெண் குறைத்தால் அது நியாயமா? தவிலிடம் வீணையின் கமகத்தை எதிர்பார்க்கிற மாதிரி.

நான் பார்ப்பது மூன்று. சீராக எரிகிறதா? காட்டம் சுத்தமாக இருக்கிறதா, இல்லை அமோனியா மூக்கைக் குத்துகிறதா? முடித்த பிறகு வாயில் எவ்வளவு நேரம் எப்படி நிற்கிறது? அமோனியா வந்தால் இலை சரியாகப் புளிக்கவில்லை, அல்லது புதுசு, இன்னும் ஓய்வு வேண்டும். இந்தக் குறை எவ்வளவு விலையுள்ள சுருட்டிலும் வரும்.

ஈரம் பற்றி ராயபுரத்தார் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் ஊர்க் காற்று உங்கள் ஊரைவிடக் காய்ந்தது. இங்கே நன்றாக எரிந்த கட்டு, சென்னைக்கு அனுப்பிப் பத்து நாளில் 'அணைகிறது' என்று போன் வரும்.

பர்மா_பேரன்:

வியாசர்பாடி. எங்கள் குடும்பம் அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. ஆயா பர்மாச் சுருட்டுப் பிடிப்பாங்க, பச்சை நிற இலை சுற்றினது, கட்டைவிரலைவிடத் தடி. இங்கே வந்த பிறகு கிடைத்ததைப் பிடித்தாங்க. மழைக்காலம் வந்தால் சுருட்டுக் கட்டைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாங்க. "நமுத்துப் போவும்டா" என்று சொல்லுவாங்க. சோறு புகையிலை நாறுகிறது என்று அம்மாவுக்கும் ஆயாவுக்கும் சண்டை வரும். இந்த இழையைப் படித்ததும் அந்தப் பானைதான் ஞாபகம் வந்தது. அதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?

ராயபுரத்தான்:

இருக்கிறது! நன்றாகக் காய்ந்த அரிசியில் 13, 14 சதவீதம் தண்ணீர் இருக்கும். மூடிய பானைக்குள் அது தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஏறத்தாழ 65க்கும் 70க்கும் நடுவில் நிறுத்திவிடும். வெளியே 85 இருந்தாலும் உள்ளே ஏறாது. நான் காசு கொடுத்து வாங்கும் பை செய்வதும் அதே வேலைதான். உங்கள் ஆயா எந்த மீட்டரும் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். இதை என் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

எண்ணூர்க்காரி:

நான் பல் மருத்துவர். இங்கே பேசவே வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் ருசி பற்றி இவ்வளவு கவனமாகப் பேசுகிறவர்கள் வாயைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தோன்றியது.

ருசியிலிருந்தே தொடங்குகிறேன். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி, அவ்வளவுதான். மிளகும் கருப்பட்டியும் மண்ணும் மூக்கு சொல்வது. வாயிலிருக்கும் புகை தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும்போதுதான் அந்த வாசனைகள் பிரியும். அதனால்தான் தேர்ந்தவர்கள் சில இழுப்புகளில் கொஞ்சம் புகையை நுரையீரலுக்கு அனுப்பாமல் மூக்கு வழியாக விடுகிறார்கள். ராயபுரத்து அண்ணன் 'தொண்டைக்கு மேலே மூக்கருகே' என்று மிளகுக்கு இடம் குறித்திருக்கிறார். சரியான இடம்.

அடுத்தது நான் சொல்லியே ஆக வேண்டியது. 'உள்ளே இழுக்கிறதில்லை, அதனால் ஒன்றும் ஆகாது' என்று என்னிடம் வருகிற சுருட்டுக்காரர் எல்லோரும் சொல்கிறார்கள். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. அதனால் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். வெறும் வயிற்றில் பிடித்து வியர்த்து, தலை சுற்றி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வாய், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இந்தப் புகை காரணம். கியூபா இலை என்பதால் அது மாறாது. பர்மா பேரன் தம்பி, ஆயாவைப் பற்றி எழுதினீர்கள். ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் பெண்கள் சுட்டா என்கிற நாட்டுச் சுருட்டின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். அவர்களுக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவப் பாடத்திலேயே படிக்கிறோம்.

கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், மேலண்ணம் மூன்றையும் மாதம் ஒரு தடவை கண்ணாடியில் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் எது இருந்தாலும் வலிக்காவிட்டாலும் வாருங்கள். வலி வந்த பிறகு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அது எனக்குத் தாங்கவில்லை.

மின்ட்_தெரு:

அக்கா, நாளைக்கே பார்க்கிறேன். எட்டு வருடமாகப் பிடிக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ராயபுரத்தான்:

டாக்டரம்மா, நன்றி. மாதம் இரண்டுக்கு மேல் பிடிப்பதில்லை என்று ஏற்கெனவே வைத்திருந்தேன். இனி மாமாவையும் கூட்டிக்கொண்டு வருடம் ஒரு தடவை வாயைக் காட்டிவிட்டு வருவேன்.

புழுவைப் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மேல் இலையில் குண்டூசி குத்தினது போல் ஓட்டையும், டப்பா அடியில் பழுப்புத் தூளும் இருந்தால் புகையிலை வண்டு. முட்டை இலையோடேயே வரும், அறை 25 டிகிரிக்கு மேல் போனால் பொரிக்கும். நம் ஊர் மே மாதத்தில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? அதனால் எந்தப் பெட்டி வந்தாலும் காற்றுப் போகாத கவரில் அடைத்து மூன்று நான்கு நாள் ஃப்ரீசரில் வைக்கிறேன். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், பிறகு வெளியே. கவரைக் கடைசியில்தான் பிரிக்க வேண்டும், நேராக வெளியே எடுத்தால் இலை வெடிக்கும். மேல் இலையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பழகின சுருட்டின் அடையாளம் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள், அது பூஞ்சை. முனையில் உள்ளே வரைக்கும் போயிருந்தால் எறிந்துவிடுங்கள்.

உறையூர் ஐயா கேள்விக்குப் பதில்: நியாயம் இல்லை. ஒரு சுருட்டை அதன் இனத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். 'ருசி மாறுகிறதா' என்ற வரியை என் தாளில் எடுத்துவிட்டு, 'சுற்றியவர் நினைத்ததைச் சுருட்டு செய்கிறதா' என்று எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர்க் கட்டு ஒன்றை ஆறு வாரம் 65ல் வைத்துவிட்டு இதே இழையில் எழுதுகிறேன்.

பெரம்பூர்_லோகோ:

உப்புச் சோதனை செய்துவிட்டேன். சனிக்கிழமை இரவு ஒன்பதுக்குக் கவரை மூடினேன். ஞாயிறு காலை 66, மதியம் 68, இரவு 69. திங்கள் காலையும் 69தான், அசையவில்லை. 75 காட்ட வேண்டிய இடத்தில் 69.

அப்படியென்றால் என் ஹ்யூமிடர் எட்டு மாதமாக 75ல் இருந்திருக்கிறது. அதற்கு மேல் நான் மாதாமாதம் தண்ணீர் வேறு விட்டிருக்கிறேன். பெட்டியைத் திறந்து ஒன்றை அமுக்கிப் பார்த்தேன், அண்ணன் சொன்ன ரப்பர்தான்.

ஸ்பாஞ்சைக் கழற்றிவிட்டேன். மீதி பதினொன்றையும் டப்பாவுக்கு மாற்றி, 65 பை இரண்டு போட்டு, மூடி மேல் இன்றைய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். கியூபாவைப் பற்றி முன்பு எழுதிய முடிவைத் திரும்பப் பெறுகிறேன். பொங்கல் கழித்து ஒன்றை எடுத்துப் பிடித்துவிட்டு வந்து சொல்கிறேன்.